தலையிடி

எங்கள் வகுப்பில் பதினொரு பெட்டையள்.
ஒன்பது பேருக்குத் தலையிடி.
முதலுதவிப் பெட்டியில் பனடோல் முடிந்து
இரண்டு தவணையாகிறது.
கண் பார்க்க வந்தவர்கள்
எல்லாருக்கும் பார்வை சரி என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வேறு சொல் எங்களிடம் இல்லை.
மனம் சரியில்லை என்றால்
"ஆரடி பெடியன்?" என்று கேட்பார்கள்.
நித்திரை இல்லை என்றால்
போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுவார்கள்.
விசர் என்று ஒரு சொல் இருக்கிறதுதான்.
பாலைப்பழம் தின்ற உதடு மாதிரி,
ஒட்டினால் சவுக்காரத்துக்கும் போகாது.

ஆகவே தலையிடி.

சின்னத் தலையிடி என்றால்
லோன்காரர் படலையில் நிற்கிறார்,
"அம்மா இல்லை" என்று சொல்ல
அம்மாவே என்னை அனுப்புகிறா.
பெரிய தலையிடிக்கு விளக்கம் இல்லை.
இண்டைக்கு என்னைத் தனிய விடாதேங்கோ, அவ்வளவுதான்.
கம்சிகா அதைச் சொல்லும் நாட்களில்
நானும் யதுசாவும் இரண்டு பக்கமும் நடப்போம்,
கக்கூஸ் வாசல் வரைக்கும்.
யதுசா ரீச்சரைப்போல இருமிக் காட்டுவாள்.
கம்சிகா சிரிக்காவிட்டாலும் இருமுவாள்.

இரவுக்கு வேறு ஒழுங்கு.
ரீலோட் போடக் காசில்லை, மிஸ்கோலுக்குக் காசு வேண்டாம்.
ஒன்று அடித்தால்: இருக்கிறன்.
இரண்டு: நீ இருக்கிறியா?
மூன்று அடிக்கும் இரவு வராது என்று நினைத்துத்தான்
மூன்றையும் வைத்தோம்.

தையில், நெல் முற்றிய கிழமை,
ஒன்று இருபதுக்கு
மூன்று அடித்தது.

அவள் இருப்பது சித்தி வீட்டில், ஒன்றரைக் கட்டை தூரம்.
சித்தியின் போன் நிறுத்திக் கிடந்தது.
நடுவில் வயலுக்குள் யானை.
வெடி கொளுத்திக் கூவும் சத்தம் கேட்டது.
சைக்கிளைப் படலை வரை உருட்டினேன்.
இருட்டுக்குள் அம்மா.
பகல் முழுக்கக் கண்ணிவெடி தேடிவிட்டு
வந்து படுத்த அம்மா
படுக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும்.
"எங்கை?"
"தலையிடி."
அம்மா சைக்கிளைப் பார்த்தா. கொஞ்சம் பொறுத்து
"எனக்கும்தான்" என்றா.

பிறகு ரோச் லைட்டோடு பக்கத்தில் குந்தினா.
நான் அடித்தேன், வைத்தேன்.
அவள் அடித்தாள், வைத்தாள்.
அவள் அடிக்கப் பிந்திய இடங்களில்
நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.
சார்ஜ் எட்டு வீதத்துக்கு வந்தபோது
அம்மா தன் போனைக் கழற்றி
பற்றரியை நீட்டினா. இரண்டும் ஒரே மாதிரிப் போன்.

விடிய, யானை காடேறிய பிறகு போனோம்.
கம்சிகா கிணற்றுக் கட்டில் இருந்தாள்,
பாவாடை முழுக்கப் பனி.
திரையைக் காட்டினாள். எழுபத்தொரு மிஸ்கோல்.
"சரி, எழும்புவம் எண்டு நினைக்க நினைக்க
உன்ரை கோல் வந்து துலைக்குது.
எரிச்சலாக் கிடந்தது" என்றாள்.
எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.
அம்மா வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி
அவளுக்கு முகம் கழுவிவிட்டா,
பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் கழுவுவதுபோல,
காதுக்குப் பின்னாலும்.

புதன்கிழமை கிளினிக். ஆறரை பஸ்.
கண்ணாடிக்கு என்று சித்தியிடம் அம்மாதான் சொன்னா.
மாங்குளம் ஆசுப்பத்திரியில் ஒரு பொம்பிளை டொக்டர்
"தலையிடி எந்த இடத்திலை?" என்று கேட்டார்.
கம்சிகா கனநேரம் விசிறியைப் பார்த்தாள்.
"கிணத்தடியிலை."
டொக்டர் பேனையை மூடிவிட்டு
கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள்.
வாய் திறந்து, எச்சில் வடிய.
நான் கரிப்பட்டமுறிப்பு வரை அசையவில்லை.

அடுத்த மாதம் யதுசாவும் வருகிறாள். அவளுக்கும் கண்ணாடியாம்.
போன் பார்த்துப் பார்த்து
இந்தப் பெட்டையளின்ரை கண் பழுதாப் போச்சு என்று
சங்கக் கடையில் கதை.

நேற்று அரிசி புடைத்தபடி,
என் முகத்தைப் பார்க்காமல், அம்மா கேட்டா:
"அந்தக் கண்ணாடி
பெரியாக்களுக்கும் குடுப்பினமோ?"